மையும் உரிமையும்: விக்டோரியாவிலிருந்து ஹைடா க்வாய் வரை ஒன்பது நாள்

நாள் 1: விக்டோரியா

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவருக்குத் தெற்கே ட்ஸாவாஸனில் கப்பல் ஏறினால் வான்கூவர் தீவின் ஸ்வார்ட்ஸ் பே 1 மணி 35 நிமிடம். அங்கிருந்து விக்டோரியா ஊருக்குள் இன்னும் அரை மணி. துறைமுகத்தை ஒட்டிய கடைவீதியில் ஓர்கா திமிங்கிலமும் கழுகும் அச்சடித்த குவளை, சாவிக்கொத்து, போர்வை எல்லாம் தொங்குகின்றன. இந்தப் பயணம் அவற்றைத் தாண்டி, தாளில் கையால் அச்சிட்ட படங்களைத் தேடிப் போவது. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் இரண்டே கேள்வி: மை எப்படி ஏறியது? உருவம் யாருக்குச் சொந்தம்?

முதலில் கவர்மென்ட் தெருவில் எமிலி கார் பிறந்த வீடு. 1871இல் பிறந்து 1945இல் இறந்தவர். இந்தக் கரையின் காட்டையும், பூர்வகுடிகள் குலச்சின்னம் செதுக்கி நடும் டோட்டம் கம்பங்களையும் ஓவியமாக்கியவர்களில் பெயர் பெற்றவர். 1912இல் வடக்கே ஹைடா மக்களின் தீவுக்கூட்டமான ஹைடா க்வாய் வரை போய் வரைந்தார். படங்கள் விற்கவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டு வாடகை வீடு நடத்தியும் நாய் வளர்த்தும் பிழைத்தார். 1927இல் ஒட்டாவா தேசியக் காட்சிக்கூடத்தில் இவர் படங்கள் இடம்பெற்ற பிறகுதான் கை மறுபடி முழுவேகத்தில் ஓடியது.

1930களில் அவர் கண்டுபிடித்த வழி ஓவியம் பழகுகிறவர்களுக்குப் பயன்படும். கான்வாஸும் நல்ல எண்ணெய் வண்ணமும் விலை அதிகம், காட்டுக்குள் தூக்கிப் போகவும் பாரம். மலிவான மனிலா தாளை எடுத்துக்கொண்டார். எண்ணெய் வண்ணத்தோடு வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்டைக் கலந்து, பெட்ரோல் ஊற்றி நீர்க்க வைத்தார். நீர்வண்ணம்போல ஓடும், சில நிமிடத்தில் காயும். ஆளுயர மரமும் அதன் மேல் சுழலும் வானமும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். பலன் பிரமாதம், விலை பிற்பாடு தெரிந்தது: மனிலா தாளில் அமிலம் உண்டு, அது பழுத்து நொறுங்கும். அவர் படங்களில் அடித்தளம் தேன் நிறமாகத் தெரிந்தால் அதில் பாதி காலம் பூசிய நிறம். பலவற்றைப் பின்னால் அட்டையிலோ பலகையிலோ ஒட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். பெட்ரோல் வழியை வீட்டில் யாரும் முயல வேண்டாம், தீப்பிடிக்கும். வேகமாகக் காயும் ஆல்கைட் வண்ணத்தையும் அமிலமற்ற தாளையும் வைத்து அதே ஓட்டத்தைப் பெறலாம்.

உரிமைக் கேள்வியும் இவரிடமே தொடங்குகிறது. கையில் காசு இல்லாத ஆண்டுகளில் பூர்வகுடிச் சின்னங்களை மண் பாத்திரங்களில் தீட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றார். அந்தச் சின்னங்கள் தனக்குச் சொந்தமில்லை என்று அவருக்கே உறுத்தியது. அதைப் பின்னாளில் வெளிப்படையாக எழுதியும் வைத்தார்.

மாலையில் துறைமுக ஓரமாக நடந்தால் இந்த ஊரின் பூர்வகுடிகளான லெக்வுங்கன் மக்களின் ஏழு அடையாளச் சிற்பங்கள் வரும். சீடர் மரத்தில் செதுக்கி வெண்கலத்தில் வார்த்த நூற்புத் தக்களிகள். இவற்றை நின்று பாருங்கள், ஏனென்றால் இனி வடக்கே போகப் போக இந்தப் பாணி மறைந்துவிடும். விக்டோரியா இருப்பது கோஸ்ட் சேலிஷ் என்ற தென்கரைப் பூர்வகுடிகளின் மண். இங்கே உருவம் வட்டம், பிறை, மூன்று முனைக் கீறல் ஆகிய வெட்டுகளால் உண்டாகிறது. வடக்கே அது தடித்து மெலியும் கருங்கோட்டால் உண்டாகிறது. கடைகளில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விற்கிறார்கள், தமிழும் தெலுங்கும் ஒன்றுதான் என்று சொல்வதுபோல. மஸ்குவீம் மரபைச் சேர்ந்த சூசன் பாயின்ட் 1980களின் தொடக்கத்திலிருந்து இந்தத் தக்களி வட்டத்தை அச்சுத்தாளுக்குக் கொண்டுவந்தவர். வான்கூவர் விமான நிலையத்தில் இறங்கி வருகிறவர்கள் அவர் செய்த பெரிய மரத்தக்களியைக் கட்டாயம் கடந்திருப்பார்கள்.

நாள் 2: விக்டோரியா, அச்சறையில்

இந்தக் கரையின் அச்சுக்கலை என்றால் பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில் ஸ்டென்சில் என்ற வெட்டுப்படலத்தை ஒட்டி, ஸ்க்வீஜி என்ற ரப்பர் பட்டையால் மையை அதன் வழியே தாளில் இறக்குவது. கல்யாணப் பத்திரிகைக்கும் திருப்பூர் பனியனுக்கும் போடுகிற அதே வேலை. க்வாக்வாகவாக் பூர்வகுடி மரபின் எலன் நீல் (1916–1966) வான்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் கம்பம் செதுக்கிய காலத்திலேயே துணியிலும் ஸ்கார்ஃபிலும் இப்படி அச்சிட்டார். தாளில் பெரும் அலை எழுந்தது 1970களில். 1970இல் டோனி ஹன்ட் விக்டோரியாவில் காட்சிக்கூடம் திறந்தார். 1977இல் கலைஞர்களே ஒரு சங்கம் அமைத்து, தரம் பார்த்துத் தேர்ந்த அச்சுகளைத் தொகுப்பாக வெளியிட்டார்கள்.

ஏன் ஸ்கிரீன்? வடக்குப் பாணிக்குத் தேவை தட்டையான, அடர்த்தியான, விளிம்பு கத்திபோல் இருக்கிற நிறம். ஸ்கிரீன் தருவது அதுவே. செதுக்குகிறவருக்குக் கத்தி கைவந்த ஆயுதம் என்பதும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் ஸ்டென்சிலைக் கத்தியால்தான் வெட்டினார்கள்: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டின் மேல் சிவப்புப் படலம், கத்தியால் கோடிட்டு வேண்டாத பகுதியை உரித்து எடுக்க வேண்டும். ஓவாய்டு என்னும் அந்த மூலை உருண்ட நீள்வட்டத்தை ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு சிறு முடிச்சு விழும், அச்சில் அது தெரியும்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறோம். தாள் முழுப் பருத்தி, சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம், 55க்கு 75 சென்டிமீட்டர். 100 பிரதி வேண்டுமென்றால் 115 தாளாவது வெட்டி வைக்க வேண்டும். இரண்டு மூன்று நிறம் முடிவதற்குள் பத்துப் பதினைந்து கழிந்துவிடும். பாலியெஸ்டர் வலை சென்டிமீட்டருக்கு 77 முதல் 90 இழை. இதைவிட மொத்தமான வலையில் கூர் முனைகள் படிக்கட்டுபோல் ஆகும். இதைவிட நுண்ணியதில் பெரிய கறுப்புப் பரப்பு திட்டுத்திட்டாக இறங்கும். வலைக்கும் தாளுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி. ஸ்க்வீஜி ரப்பர் நடுத்தரக் கடினம், 70 என்று குறித்திருக்கும். அது கடந்ததும் வலை தாளைவிட்டுத் தானாகத் துள்ளி எழ வேண்டும். ஒட்டிக்கொண்டு மெல்லப் பிரிந்தால் விளிம்பு கசியும்.

நிற வரிசையில் சிவப்பு முதலில், நீலப்பச்சை அடுத்து, கறுப்பு கடைசி. கறுப்பு கீழே இருப்பதை மூடும் என்பதால், சிவப்பைக் கறுப்பின் கீழ் அரை மில்லிமீட்டர் நீட்டி வெட்டுவார்கள். அந்த அரை மில்லிமீட்டர்தான் காப்பு. அது இல்லாவிட்டால் சிறு நகர்விலும் இரண்டு நிறத்துக்கும் நடுவே வெள்ளைத் தாள் மயிரிழையாக எட்டிப் பார்க்கும்.

நகர்வு எங்கிருந்து வருகிறது? முக்கியக் குற்றவாளி மழை. பருத்தித்தாள் ஈரம் குடித்தால் நீளும். காலையில் வறண்ட காற்றில் சிவப்பு அடித்து, மாலையில் மழைக்காற்று புகுந்த அறையில் கறுப்பு அடித்தால், 75 சென்டிமீட்டர் தாளில் ஒரு மில்லிமீட்டர்வரை பிசகலாம். தாளை நிறுத்தும் மூலை முட்டு சரியாகத்தான் இருக்கும், தாள்தான் வளர்ந்திருக்கும். அதனால் தாளை அச்சடிக்கும் அறையிலேயே ஒரு நாள் பரப்பி வைத்துப் பழக்குகிறார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கிற பழக்கம் இங்கே ஆகாது.

இன்னொரு தொல்லை கூர் முனை அடைபடுவது. இந்தப் பாணியில் மூன்று முனையுள்ள சிறு வெள்ளைக் கீறல்கள் நிறைய. நீர் சேர்ந்த அக்ரிலிக் மை வலையிலேயே காயத் தொடங்கும். மை இறங்க வேண்டிய மெல்லிய வால்நுனி முதல் இருபது பிரதியில் ஊசிபோல் இருக்கும், ஐம்பதாவதில் காணாமல் போயிருக்கும். வெள்ளைக் கீறலில் நடப்பது நேர்மாறு: ஸ்க்வீஜியை அழுத்தி இழுத்தால் மை உள்ளே பிதுங்கி முனை மழுங்கும். முதலாவதற்கு மருந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு வலையை மையால் மூடி வைப்பதும், உலர்வைத் தாமதிக்கும் திரவத்தை மையின் அளவில் 5 முதல் 10 சதவீதம் சேர்ப்பதும், நடுவில் கை நிறுத்தாததும். இரண்டாவதற்கு மருந்து கைபலத்தைக் குறைப்பது. புதியவர்கள் இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்து, அடைபட்டதைத் திறக்க இன்னும் அழுத்துவார்கள். அப்போது தாள் இரண்டு விதத்திலும் கெடும்.

வாங்குகிறவருக்குத் தேவையான கருவி 10 மடங்கு காட்டும் லென்ஸ். சிவப்புப் பரப்பைப் பாருங்கள். ஒரே திண்ணமான நிறம், விளிம்பில் நூலிழை அளவு மேடு, சாய்த்துப் பார்த்தால் மை தாளின் மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் அது ஸ்கிரீன் அச்சு. நுண்புள்ளிகள் பூ மாதிரி அடுக்கியிருந்தால் ஆஃப்செட். சீரில்லாமல் தூவிய புள்ளி என்றால் இங்க்ஜெட், அதாவது ஓவியத்தைப் படமெடுத்துப் போட்ட நகல். கையெழுத்தும் 12/100 என்ற எண்ணும் இங்க்ஜெட்டிலும் பென்சிலில் போட்டிருப்பார்கள். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

நாள் 3: டொஃபினோ

விக்டோரியாவிலிருந்து சுமார் 315 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் ஆல்பர்னிக்குப் பிறகு சாலை வளைந்து வளைந்து போகும். நூ-சா-நுல்த் மக்களின் கரை இது. ஐரோப்பியர் வருமுன் திமிங்கில வேட்டையாடிய குலங்கள். அதனால் இடிப்பறவை திமிங்கிலத்தைத் தூக்கும் காட்சியும் அதன் இறக்கையடியில் மின்னல் பாம்பும் இங்கத்திய அச்சுகளில் திரும்பத் திரும்ப வரும். ஆர்ட் தாம்ப்சன் (1948–2003), ஜோ டேவிட் ஆகியோர் அச்சுகளைப் பார்த்தால், கோடு வடக்கைவிடத் தளர்வாக, வெற்றிடம் அதிகமாக இருப்பது தெரியும்.

ஊருக்குள் ராய் ஹென்றி விக்கர்ஸின் காட்சிக்கூடம். பூர்வகுடிகள் கூட்டாக வாழ்ந்த நெடுவீட்டின் வடிவில், பெரிய சீடர் மரவேலையோடு கட்டியது. 1946இல் பிறந்தவர், கிட்காட்லா என்ற மீனவக் கிராமத்தில் வளர்ந்தவர். 1987இல் வான்கூவரில் காமன்வெல்த் தலைவர்கள் கூடியபோது அவருடைய அச்சு ஒன்றையே அதிகாரபூர்வப் பரிசாகக் கொடுத்தார்கள். இந்தப் பயணத்தில் கடலும் குலமரபும் ஒரே தாளில் சேர்வதை இவ்வளவு நேரடியாகக் காட்டுகிறவர் வேறு இல்லை. அந்தி வானம், கருநிழலாகத் தீவு, ஒரு படகு. தாளைச் சாய்த்தால் வானத்தில் முன்னோர் முகமோ கழுகோ எழுகிறது. நேராகப் பார்த்தால் மறைந்துவிடுகிறது.

மறையும் உருவத்துக்கு வழி நிறமில்லாப் பூச்சு. மேட் மையில் வானத்தை அச்சிட்டு முழுதாகக் காயவிட்டு, அதன்மேல் தனி ஸ்கிரீனில் தெளிவான பளபளப்பு வார்னிஷ் அடித்தால், உருவம் நிறத்தால் அல்லாமல் ஒளி தெறிக்கும் விதத்தால் தெரியும். கீழ்மை அரைகுறையாகக் காய்ந்திருந்தால் வார்னிஷ் அதற்குள் இறங்கி மங்கிவிடும், உருவமே எழாது. இத்தகைய அச்சுக்குச் சட்டம் போடும்போது ஒளி தெறிக்காத மங்கலான கண்ணாடி போட்டால் வேலை முழுதும் வீண். சாதாரண கண்ணாடி, பக்கவாட்டு வெளிச்சம் போதும்.

அந்தி வானத்தின் நிறக்கலப்பு இன்னொரு நுட்பம். மஞ்சள், ஆரஞ்சு, ஊதா மூன்றையும் ஒரே ஸ்கிரீனின் விளிம்பில் பக்கம் பக்கமாக ஊற்றி ஒரே ஸ்க்வீஜியால் இழுத்தால், எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து இறங்கும். முதல் ஐந்தாறு தாளில் பட்டை பட்டையாகத் தெரியும், அவை கழிவு. பிறகு அழகான கலப்பு வரும். இழுக்க இழுக்க நடுவில் நிறங்கள் குழம்பிச் சேறாகும். அதற்குள் மையை வழித்தெடுத்துப் புதிதாக ஊற்ற வேண்டும். ஆகவே இப்படிப்பட்ட அச்சில் ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகள் அச்சொட்டாக ஒன்றுபோல் இருக்காது. கூடத்தில் கேட்டால் இரண்டு மூன்று பிரதியை வெளியே எடுத்துக் காட்டுவார்கள். தயங்காமல் கேளுங்கள், அடிவானம் எங்கே சுத்தமாக இருக்கிறதோ அதை எடுங்கள்.

நாள் 4: கேம்பெல் ரிவர்

திரும்பிக் கிழக்குக் கரைக்கு வந்து வடக்கே. ஊருக்குத் தெற்கே வில்லோ பாயின்டில், கடலைப் பார்த்த ஒரு சிறு குடில். சிபில் ஆன்ட்ரூஸ் இங்கிலாந்திலிருந்து 1947இல் கேம்பெல் ரிவருக்குக் குடிவந்து 1992 வரை இந்த ஊரில் இருந்தவர். லண்டனில் க்ளாட் ஃபிளைட்டிடம் லினோகட், அதாவது லினோலியத்தைச் செதுக்கி அச்சிடும் கலை கற்றவர். மரவெட்டிகள், மீன்பிடி, காற்று, எல்லாமே சுழலும் வளைவுகளாக இவர் கையில் வந்தன.

இந்த முறையின் சிறப்பு, கருங்கோட்டுப் பலகை கிடையாது. மூன்று அல்லது நான்கு லினோலியம் துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் பிறக்கும் நிறமே உருவத்தின் கோடு. மஞ்சள்மேல் நீலம் விழுந்தால் பச்சை, அதன்மேல் சிவப்பு விழுந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. மூன்று பலகையில் ஏழு நிறம் கிடைக்கும். ஃபிளைட் மாணவர்களுக்குச் சொன்ன கருவி உடைந்த குடைக்கம்பி! அதன் குழிந்த முனையைத் தீட்டி மரப்பிடியில் செருகினால் அருமையான உளி. தாள் மிக மெல்லிய ஜப்பானியத் தாள். மை தடவிய லினோமேல் விரித்து, கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். அச்சு இயந்திரம் வேண்டியதில்லை.

கெடுவது இரண்டு இடத்தில். குளிர்ந்த லினோ விறைத்துப் பொடியாக உதிரும், கோட்டின் ஓரம் பல்லுபல்லாகும். வெயிலில் வைத்தோ, துணி போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரி வைத்தோ சூடாக்கி வெட்டுங்கள், வெண்ணெய்போல் போகும். அடுத்தது, முதல் நிறம் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை ஏற்றினால் மேல்மை கீழ்மையைத் தூக்கிக்கொண்டு வரும். எண்ணெய் மை என்றால் நிறத்துக்கு நிறம் ஒன்றிரண்டு நாள், மழைக்காலத்தில் இன்னும் கூட.

படகில் பத்து நிமிடத்தில் குவாட்ரா தீவு. அங்கே கேப் மட்ஜ் கிராமத்தில் நுயும்பலீஸ் பண்பாட்டு மையம், அருகே பாறையில் வெட்டிய பழைய முகங்கள். ஒரு காலத்தில் சுற்றுலாவில் வந்தவர்கள் பாறைமேல் தாள் விரித்து மெழுகுக்கட்டி தேய்த்து அச்செடுத்துப் போனார்கள். இப்போது செய்யாதீர்கள். பாறையின் மேற்புறம் உதிரும், அனுமதியும் யாரும் தந்ததில்லை.

நாள் 5, 6: அலெர்ட் பே

கேம்பெல் ரிவரிலிருந்து போர்ட் மக்நீல் சுமார் 200 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் அரிது, நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். அங்கிருந்து சிறு கப்பலில் முக்கால் மணியில் கார்மரன்ட் தீவு. ஒரே சாலை, இருபுறமும் கடலும் வீடும். நம்கிஸ் மக்களின் இடுகாட்டுக் கம்பங்களைச் சாலையில் நின்றே பார்க்க வேண்டும், உள்ளே போகக்கூடாது.

இங்கே இரண்டு நாள் ஒதுக்கியதற்குக் காரணம் இரண்டு சிறு கிராமங்களின் பெயர்கள்: மமலிலிகூலா, கர்லுக்வீஸ். இரண்டும் அக்கம்பக்கத்துத் தீவுகளில் இருந்தவை. வால்டர் ஜே. ஃபிலிப்ஸ் (1884–1963), வின்னிபெக்கில் குடியேறிய ஆங்கிலேயர், 1927இல் இந்தப் பக்கம் வந்து படம் எழுதிக்கொண்டு போனார். 1928இல் மமலிலிகூலாவையும் 1929இல் கர்லுக்வீஸையும் வண்ண மரக்கட்டை அச்சாக்கினார். கர்லுக்வீஸ்தான் அவருடைய புகழ்பெற்ற அச்சு: பனி விழுகிறது, மரப்படித்துறை, அசையாத நீர், கரையில் ஒரு படகு.

ஜப்பானிய முறை அது. நிறத்துக்கு ஒரு செர்ரி மரப்பலகை. மை கிடையாது, நீர்வண்ணத்தோடு அரிசிப்பசை கலந்து தூரிகையால் பலகையில் தேய்க்க வேண்டும். தாள் ஈரமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் எல் வடிவில் ஒரு வெட்டு, கீழ் விளிம்பில் ஒரு நேர்வெட்டு. தாளின் மூலையை முதலாவதிலும் விளிம்பை இரண்டாவதிலும் முட்டவைத்து இறக்கினால் பத்து நிறமானாலும் பிசகாது. பிறகு மூங்கில் உறை போட்ட வட்டத் தேய்ப்பானால் பின்பக்கம் தேய்ப்பது. பசை கூடினால் பலகையின் ஓரத்தில் தேங்கி விளிம்பு கருக்கும். குறைந்தால் நிறம் புள்ளிபுள்ளியாகச் சிதறும். தாள் நாள் முழுக்க ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். ஸ்கிரீன் அச்சில் ஈரம் பகை என்றோமே, இங்கே ஈரம் இல்லாவிட்டால் வேலையே இல்லை. நீரின் பிரதிபலிப்பு அவ்வளவு மென்மையாக வந்தது இதனால்தான்: பலகையிலேயே ஈரத்தூரிகையால் நிறத்தை மங்கவைத்து அச்சிடலாம்.

இப்போது அந்தப் பனியின் கீழ் இருப்பது. 1885 முதல் 1951 வரை பொட்லாட்ச் விழா கனடாவில் சட்டப்படி குற்றம். பெயர் சூட்டல், திருமணம், பதவியேற்பு, துக்கம் எல்லாம் அந்த விழாவில்தான் நடக்கும். இன்னின்ன முகமூடி, இன்னின்ன ஆட்டம் இன்னின்ன குடும்பத்துக்கு என்பது சாட்சிகள் முன் அங்கே உறுதியாகும். சாட்சிகளுக்குப் பரிசு கொடுத்து அனுப்புவார்கள். 1921 டிசம்பரில் டான் க்ரான்மர் நடத்திய பெரிய பொட்லாட்ச், ஃபிலிப்ஸ் வரைந்த அதே மமலிலிகூலாவில். நாற்பதுக்கும் மேற்பட்டோர்மேல் வழக்கு. முகமூடி, செப்புத் தகடு, விழா அணிகளை ஒப்படைத்தால் தண்டனை குறையும் என்றார்கள். கொடுக்க மறுத்தவர்கள் சிறை போனார்கள். பொருட்கள் அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போயின. அவற்றில் பெரும்பகுதி திரும்பி வந்து சேர்ந்த இடம் 1980இல் அலெர்ட் பேயில் திறந்த ஊமிஸ்தா மையம், கேப் மட்ஜ் மையம் ஆகிய இரண்டும். முற்காலத்தில் எதிரிகளிடம் சிறைபிடிக்கப்பட்டுப் போன ஒருவர் வீடு திரும்பினால் அவருக்கு ஊமிஸ்தா கிட்டியது என்பார்களாம். முகமூடிகள் இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை, திறந்த வெளியில் நிற்கின்றன. பூட்டி வைத்தது போதும் என்பது அவர்கள் தீர்மானம். கேமராவை எடுக்குமுன் கேளுங்கள்.

கர்லுக்வீஸ் இருந்த டர்னர் தீவில் 1908இல் பிறந்தவர் ஹென்றி ஸ்பெக். மீனவர், தலைவர், ஆட்டக்காரர். ஃபிலிப்ஸ் தன் அச்சில் அசையாத நீராக வைத்த கடலை இவர் உள்ளிருந்து பார்த்தார்: பல்லுள்ள ஹாலிபட் என்ற தட்டைமீன், முதுகில் இன்னொரு முகம் சுமக்கும் ஆழ்கடல் பூதம், சிறகு முளைத்த மீன். 1964இல் வான்கூவரில் இவர் படங்கள் தனிக்காட்சியாக வந்தன. ஒரே கிராமம், ஒரு படம் கரையிலிருந்து, மற்றது தண்ணீருக்கடியிலிருந்து. முதல் படம் அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவதைப் பார்த்த பிறகு முதலாவதில் ஆள் நடமாட்டம் எவ்வளவு குறைவு என்பது கண்ணில் படாமல் போகாது.

டான் க்ரான்மரின் மகன் டக் க்ரான்மர் (1927–2006) செதுக்குநர், ஸ்கிரீன் அச்சுக்காரர். 1970களில் பிளைவுட் பலகையில் உருவமே இல்லாத வடிவங்களை மட்டும் தீட்டினார். குலச்சின்னம் எதுவும் இல்லாததால் அவற்றை யாருக்கும் விற்கலாம், யார் வீட்டிலும் மாட்டலாம். சின்னத்துக்கு உரிமை உண்டு, வளைவுக்கு உரிமை இல்லை என்ற நுணுக்கம் அந்தப் பலகைகளில் தெரிகிறது. இங்கே கடையில் அச்சு வாங்கும்போது ‘இந்தக் கதை யாருடையது?’ என்று கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள். பதிலும் நீளமாக வரும்.

நாள் 7: கப்பலில்

போர்ட் ஹார்டி முதல் பிரின்ஸ் ரூபர்ட், 16 மணி நேரம். கோடையில்தான் பகல் பயணம் வசதி, காருக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். இருபுறமும் காடு, அருவி, சாம்பல் மேகம். வாங்கிய அச்சுகளைக் காரிலேயே விடாமல் மேலே கொண்டு வாருங்கள், கார்த்தட்டு நசநசவென்று ஈரம்.

நாள் 8: ஸ்கிடகேட்

ரூபர்ட்டிலிருந்து இன்னொரு கப்பல், ஏழெட்டு மணி நேரம், ஹெகட் நீரிணையில் அலை உண்டு. 2010இல்தான் குயின் சார்லட் தீவுகள் என்ற பெயர் போய் ஹைடா க்வாய் அதிகாரபூர்வமானது. இறங்குதுறை அருகே காய் நகாய் என்ற இடத்தில் ஹைடா பாரம்பரிய மையம்.

வடக்குப் பாணியின் கருங்கோட்டு இலக்கணமான ஃபார்ம்லைனைப் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. அந்தச் சொல்லை 1965இல் பில் ஹோம் என்ற ஆய்வாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கோட்பாடு சுருக்கமானது. உடல் முழுவதையும் ஒரே தொடர்ச்சியான முதன்மைக் கோடு, பெரும்பாலும் கறுப்பு, சுற்றி இணைக்கிறது. அதற்குள் சிவப்பில் துணைக்கோடு. மிஞ்சிய இடத்தில் நீலப்பச்சை. கண், மூட்டு, வாலடி இங்கெல்லாம் ஓவாய்டு. சிறகு, காது, துடுப்புக்கு ஆங்கில யு எழுத்து வடிவம்.

போலியைப் பிடிக்க, இரண்டு கோடுகள் சேரும் சந்தைப் பாருங்கள். தடித்த இரண்டு கோடு சும்மா ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் கறுப்பு கட்டியாகிவிடும். தேர்ந்த கை சந்துக்கு முன்பே கோட்டை மெலியவைக்கும், அல்லது அங்கே ஒரு சிறு பிறையையோ மூன்று முனைக் கீறலையோ வெட்டிப் பாரத்தைக் குறைக்கும். அடுத்து ஓவாய்டின் கீழ்ப்பக்கம். அது மெல்ல உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும், மேல் வளைவு தடிப்பாக, கீழ்ப்பகுதி மெலிவாக. சீரான தடிப்பில் சோப்புக்கட்டிபோல் இருந்தால் கணினியில் யாரோ அவசரமாகப் போட்டது.

பில் ரீடை (1920–1998) கனடாவில் இருக்கும் தமிழர்கள் பெயர் தெரியாமலே சட்டைப்பையில் சுமந்திருப்பார்கள்: 2004இல் வந்த 20 டாலர் தாளின் பின்புறம் அவர் சிற்பங்கள். ராபர்ட் டேவிட்சன் 1960களில் ரீடிடம் வேலை கற்றவர், பெரும் சிற்பி சார்லஸ் எடன்ஷாவின் கொள்ளுப்பேரன். இவருடைய ஸ்கிரீன் அச்சுகளை ஆண்டு வரிசையில் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஆரம்பத்தில் உருவம் நடுவில் இடவல சமச்சீராக உட்கார்ந்திருக்கும். பிறகு வெள்ளை இடம் வளரும், உருவம் ஓரத்துக்கு நகரும், சில அச்சில் கோட்டின் ஒரு பகுதி மட்டும் தாளுக்குள் வந்து மிச்சம் வெளியே நிற்கும். ஆனாலும் இலக்கணம் ஒரு இடத்திலும் பிசகாது.

நாள் 9: ஓல்ட் மாசெட்

வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர். 1969 ஆகஸ்டில் 22 வயது டேவிட்சன் இங்கே ஒரு கம்பம் நட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டில் இந்த ஊரில் எழுந்த முதல் கம்பம். 1862 பெரியம்மைக்குப் பின் சில நூறு பேராகச் சுருங்கிய மக்கள். கம்பத்தை எப்படித் தூக்குவது, எந்தப் பாட்டு பாடுவது என்பது முதியவர்கள் நினைவிலிருந்து துண்டு துண்டாக எடுக்கப்பட்டது.

ஹைடாக்கள் அண்டங்காக்கை, கழுகு என்று இரண்டு பெரும் பிரிவு. பிள்ளை தாயின் பிரிவு. திருமணம் எதிர்ப் பிரிவில்தான். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குலங்களுக்குத் தனிச்சின்னங்கள். அண்டங்காக்கை கதைகள் எல்லோருக்கும் பொது, தவளையோ ஓர்காவோ ஒரு குலத்தின் சின்னமாக வரும்போது பொது அல்ல. கலைஞர் தன் பிரிவு எது, இந்த உருவம் எந்த வழியில் தனக்கு வந்தது என்று அச்சோடு தரும் குறிப்பில் எழுதியிருப்பார். அந்தக் குறிப்பை அச்சின் பின்னால் ஒட்டாமல் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பதிப்பு எண், தாளின் பெயர், அச்சிட்டவர் முத்திரை, சில வேளை ஸ்கிரீன்கள் அழிக்கப்பட்ட விவரமும் அதில் இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுபோவது பற்றி. சுருட்டாதீர்கள். கறுப்பு மை தடித்த இடத்தில் மயிரிழை விரிசல் விழும், அதைச் சரிசெய்ய வழியில்லை. அச்சைவிட எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் பெரிய இரண்டு ஃபோம் பலகை, நடுவே அமிலமற்ற மெல்லிய தாள், அச்சின் நான்கு மூலைக்கும் தாள்முக்கோணம், வெளியே பிளாஸ்டிக் உறை. டேப் அச்சில் படவே கூடாது. வீடு சேர்ந்ததும் உறையைத் திறந்து ஒரு நாள் அப்படியே படுக்கப் போட்டு வையுங்கள். இந்தக் கரையின் ஈரத்தை எல்லாம் கக்கிவிட்டுத்தான் தாள் தன் அளவுக்கு வரும். அதற்குள் சட்டத்துக்குள் அடைத்தால் இரண்டே வாரத்தில் நடுவில் அலை எழும்பும். தொங்கவிடுவதற்கு மேல்விளிம்பில் ஜப்பானியத் தாள் துண்டு இரண்டு, கோதுமைப் பசை, அவ்வளவே. கண்ணாடி அச்சைத் தொடாமல் 3 மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள், கறுப்பு தாங்கும், சிவப்பு முதலில் போகும்.